சரஸ்வதிக்கு என்ன கலர்?

பழைய ஓவியத்தைப் பார்த்து நம்மை நாமே ஃபோட்டோ எடுத்துக்கிறதுக்கு ஒரே ஒரு விதி போதும்னு நினைக்கிறேன். ஓவியத்தோட வெளிச்சத்தைக் காப்பி அடிக்கலாம். உட்கார்ந்திருக்கிற விதத்தை, புடவையை, நகையை, பின்னாடி இருக்கிற மரம் மட்டையை எல்லாம் காப்பி அடிக்கலாம். தோலோட நிறத்தை மட்டும் அடிக்கக்கூடாது. அது எடுத்துக்கிறவங்களோடதா இருக்கணும். அதையும் மாத்திட்டா அப்புறம் செல்ஃப் போர்ட்ரெய்ட்ல 'செல்ஃப்' எங்கே இருக்கு?

எதுக்கு இவ்வளவு பில்டப்புன்னா, வரப்போற சரஸ்வதி பூஜைக்குள்ள ஒரு படம் எடுக்கலாம்னு இருக்கேன். ரவி வர்மாவோட சரஸ்வதியை வெச்சு. மாடல் நான், ஃபோட்டோகிராஃபர் நான், லைட் பிடிக்கிற ஆளும் நான். ஆபீஸ்ல எந்த ப்ராஜெக்டுக்கும் போடாத அளவுக்குப் ப்ளான் போட்டாச்சு. திட்டத்தை யார்கிட்ட சொன்னாலும் முதல் கேள்வி ஒண்ணுதான் வருது. "சரஸ்வதின்னா வெள்ளையா இருக்கணுமே?"

நான் கருப்பு. மாநிறம்னு சுத்தி வளைச்சுச் சொல்ற கருப்பு இல்லை, கருப்பேதான். அதனால இந்தக் கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்லிட்டுத்தான் கேமராவைத் தொடணும்னு முடிவு பண்ணேன். அந்தப் பதில்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஓவியம். ரவி வர்மா (1848-1906) இந்த சரஸ்வதியை வரைஞ்சது 1896-ல. நீர்நிலை ஓரமா ஒரு பாறையில உட்கார்ந்திருப்பாங்க. வெள்ளைப் புடவை. மடியில வீணை. நாலு கை. ரெண்டு கை வீணையில, மத்த ரெண்டுல சுவடியும் ஜெபமாலையும். பக்கத்துல மயில். இதை நீங்க பார்த்ததில்லைன்னு சொன்னா நம்ப மாட்டேன். அவர் 1894-ல பம்பாயில சொந்தமா ஒரு அச்சகம் ஆரம்பிச்சார். அது பிறகு லோனாவாலா பக்கத்துல மாளவ்லிங்கிற ஊருக்குப் போய், கடைசியில ஷ்லைஷர்ங்கிற ஜெர்மன்காரர் கைக்கு மாறிச்சு. அங்கே அச்சான சாமி படங்கள்தான் நாட்டுல வீடு வீடா நுழைஞ்சது. நம்ம பக்கம் கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் அவரோட சிஷ்யர்களும் வரைய, சிவகாசியில அச்சடிச்சு, மளிகைக்கடை காலண்டர்ல தொங்கினது எல்லாம் அந்தப் பரம்பரையோட தொடர்ச்சிதான். ஆக, "சரஸ்வதி இப்படித்தான் இருப்பா"ன்னு நாம நினைக்கிற முகத்துக்கு வயசு சுமார் 130 வருஷம். அவ்வளவுதான்.

அந்த முகமும் வானத்திலேர்ந்து வந்தது இல்லை. ரவி வர்மா எதிர்ல மனுஷப் பெண்களை உட்கார வெச்சு வரைஞ்சவர். ஐரோப்பிய எண்ணெய் ஓவிய முறையில, வெளிச்சம் நிழல் பார்த்து. தேவியோட புடவைக் கட்டும் நகையும் அவர் காலத்துல அவர் பார்த்தது.

வீணையையே எடுத்துக்கோங்க. இப்போ நாம வாசிக்கிற, 24 மெட்டும் அசையாம மெழுகுல பதிச்சிருக்கிற வீணை, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் காலத்துல, அதாவது 17-ஆம் நூற்றாண்டுல உருவானதுன்னு சொல்வாங்க. அந்த தென்னாட்டு வீணையைத்தான் ரவி வர்மா தேவி மடியில வெச்சார். அதுக்கும் முன்னாடி? கங்கைகொண்ட சோழபுரம் போயிருந்தா ஞான சரஸ்வதியைப் பார்த்திருப்பீங்க. ராஜேந்திர சோழன் காலம், 11-ஆம் நூற்றாண்டு. அந்த அம்மா கையில வீணையே கிடையாது. சுவடி இருக்கு, மாலை இருக்கு. மயிலும் இல்லை. உட்கார்ந்திருக்கிற அமைதி மட்டும் இருக்கு. அப்படியும் அது சரஸ்வதி இல்லைன்னு ஆயிரம் வருஷமா யாரும் சொல்லலை.

சோழச் சிற்பி வீணையில்லாம செதுக்கினான். ரவி வர்மா தன் காலத்து வீணையைக் கொடுத்தார். காலண்டர்க்காரர் ரோஸ் பவுடர் அடிச்சு விட்டார். ஒவ்வொருத்தரும் தன் கண்ணுக்குப் பழகினதைத்தான் தேவிக்குக் கொடுத்திருக்காங்க. இந்த வரிசையில கடைசியா வந்து நிக்கிற நான் மட்டும் என் கண்ணாடியில தெரியறதைக் கொடுக்கக்கூடாதா?

"ஸ்லோகத்திலேயே வெள்ளைன்னு இருக்கே"ன்னு அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி, தட்டிக் கழிக்க முடியாது. ஆமா, இருக்கு. மல்லிகை மாதிரி, நிலா மாதிரி, பனி மாதிரின்னு வரும். நம்ம கம்பர் பேர்ல வழங்குற சரஸ்வதி அந்தாதியிலயும் பளிங்கு நிறம் வரும். ஆனா பளிங்கு மாதிரித் தோல் இருக்கிற மனுஷி யாரு? கரிசல்காட்டுலயும் கிடையாது, காஷ்மீர்லயும் கிடையாது. அந்த வெள்ளை அறிவுக்குச் சொன்ன வெள்ளை, கறை இல்லாததுக்குச் சொன்னது. ரவி வர்மாவே அந்த வெள்ளையை வரையலை. நல்ல நிறமான ஒரு மனுஷப் பொண்ணைத்தான் வரைஞ்சார். ஸ்லோகத்துல இருக்கிற பளிங்கை "நல்ல கலர்"னு மொழிபெயர்த்தது நாமதான். அந்த மொழிபெயர்ப்பைத்தான் கல்யாண விளம்பரத்துலயும் போடறோம்.

"அப்ப சியாமளாவா எடு, அவளும் வீணை வெச்சிருப்பா"ன்னு ஒரு ஃப்ரெண்டு ஐடியா கொடுத்தா. அவ சொன்னது சரியான தகவல். ராஜமாதங்கின்னும் சொல்வாங்க. காளிதாசர் பேர்ல இருக்கிற சியாமளா தண்டகம் அவங்க மேல பாடினதுதான். பேரிலேயே கருமை இருக்கு. மதுரை மீனாட்சியையே சியாமளாவோட வடிவமாத்தான் கும்பிடறாங்க. கையில வீணை, கலைக்கும் வாக்குக்கும் தெய்வம். கருப்பான சரஸ்வதின்னே சொல்லிடலாம்.

எனக்கு அவங்க மேல ரொம்பப் பிரியம். ஆனா இந்தப் படத்துக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். காரணம் இருக்கு.

நான் படிச்ச ஸ்கூல்ல ஆண்டு விழா நாடகம்னா வேஷம் பிரிக்கிறது ரொம்ப சிம்பிள். செவப்பா இருக்கிற பொண்ணுங்க லட்சுமி, சரஸ்வதி, சீதை. கருப்பா இருக்கிற பொண்ணுங்க காளி, சூர்ப்பனகை, இல்லைன்னா மரம். வசனம் யாருக்கு மனப்பாடம்னு யாரும் பார்க்க மாட்டாங்க. ஆறாவது படிக்கும்போது சரஸ்வதியோட வசனம் மொத்தமும் எனக்குத் தெரியும். நாக்கை நீட்டிக்கிட்டு நின்னது காளியா. காளி ஒண்ணும் குறைச்சல் இல்லை, சொல்லப்போனா அந்த மேடையில எனக்குத்தான் கைதட்டல் அதிகம். :-) ஆனா "நீ கருப்பு, அதனால கருப்பு சாமி"ங்கிற அந்தக் கணக்குதான் தப்பு. இப்போ சியாமளாவா எடுத்தா அதே கணக்கை நானே போட்ட மாதிரி ஆகும். எல்லாரும் வெள்ளைன்னு நினைக்கிற தேவியா உட்கார்றதுதான் இதுல விஷயமே.

இதை நான் கண்டுபிடிச்ச மாதிரி பீத்திக்கலை. பெங்களூர்ல புஷ்பமாலான்னு ஒரு கலைஞர், க்ளேர் ஆர்னிங்கிற ஃபோட்டோகிராஃபரோட சேர்ந்து 2000-லேர்ந்து 2004 வரைக்கும் ஒரு தொடர் பண்ணாங்க. தென்னிந்தியப் பெண்களோட பழைய படங்களா எடுத்து, அதுக்குள்ள தானே போய் நிக்கிறது. அதுல ரவி வர்மாவோட லட்சுமியும் உண்டு. பின்னாடி தொங்குறது வரைஞ்ச திரைன்னு நல்லாவே தெரியும், மறைக்க மாட்டாங்க. 2017 கடைசியில சென்னையில நரேஷ் நில், பரத்வாஜ் சுந்தர்னு ரெண்டு பேர் கருப்பான மாடல்களை வெச்சே சாமி படங்கள் எடுத்தாங்க, பெரிசா பேசப்பட்டது. 2020-க்கு வெங்கட் ராம் நடிகைகளை வெச்சு ரவி வர்மா ஓவியங்களை அச்சு அசலா காலண்டர் ஆக்கினார். அந்த காலண்டரோட வெளிச்சத்தைப் பார்த்து நான் வாயைப் பிளந்தது நிஜம். ஆனா என் மனசுல ஒட்டினது முதல் ரெண்டும்தான். காலண்டரைப் பார்த்தா ஓவியம் ஞாபகம் வந்தது. மத்த ரெண்டையும் பார்த்தப்போ, இதுவரைக்கும் ஓவியத்துல யாரெல்லாம் இல்லைங்கிறது ஞாபகம் வந்தது.

சரி, டெக்னிக்கல் மேட்டருக்கு வருவோம். "கருப்பு முகமும் வெள்ளைப் புடவையும் ஒண்ணா எடுத்தா கேமரா தாங்காது"ன்னு ஒரு வாதம் இருக்கு. ஸ்டுடியோக்காரங்க நிறைய பேர் சொல்வாங்க. கொஞ்சம் உண்மை, மிச்சம் சோம்பேறித்தனம்.

உண்மை என்னன்னா, கேமரா மீட்டர் அடிப்படையில எதைக் காட்டினாலும் அது நடுத்தர சாம்பல் நிறம்னு நினைச்சுத்தான் கணக்குப் போடும். ஃப்ரேம் முழுக்க வெள்ளைப் புடவை இருந்தா "ஐயோ வெளிச்சம் ஜாஸ்தி"ன்னு குறைச்சுடும். புடவை சாம்பலாகும், முகம் கரி ஆகும். சரின்னு எக்ஸ்போஷரை ஏத்தினா முகம் வரும், ஜரிகை வெளிறிப் போகும். ஆனா கணக்குப் பார்த்தா, ஒரே வெளிச்சத்துல வெள்ளைத் துணிக்கும் என் தோலுக்கும் வித்தியாசம் சுமார் ரெண்டரை ஸ்டாப்தான். இன்னைக்கு ஒரு சாதாரண டிஎஸ்எல்ஆர்கூட பத்து ஸ்டாப்புக்கு மேல பிடிக்கும். ரா ஃபைல்ல எடுத்தா ரெண்டுமே பத்திரமா உள்ளே இருக்கும். அப்ப பிரச்சினை மெஷின்ல இல்லையே?

ஃபிலிம் காலத்துல மெஷின்லயும் இருந்தது. கலர் பிரிண்ட் சரியா வந்திருக்கான்னு பார்க்க கோடாக் லேப்களுக்கு ஒரு பொண்ணோட படம் போட்ட அட்டை அனுப்பும். 'ஷெர்லி கார்டு'ன்னு பேர். பல பத்தாண்டுகளுக்கு அந்த அட்டையில இருந்தது வெள்ளைக்காரப் பொண்ணு. அவங்க முகம் சரியா வந்தா லேப்புக்கு எல்லாம் சரி. மத்தவங்க முகம் எப்படி வந்தாலும் அது அவங்க தலையெழுத்து.

இப்போ ஃபிலிம் போயாச்சு, அந்த அட்டையும் போயாச்சு. ஆனா ஃபோன்ல ப்யூட்டி மோடுன்னு வந்து உட்கார்ந்திருக்கு. ஃபோட்டோவைக் கொடுத்தா ரெண்டு நொடியில நம்மளை தேவி ஆக்கித் தர்ற ஆப்பும் வந்தாச்சு. ஒண்ணை ட்ரை பண்ணேன். நாலு கை, வீணை, தாமரை, அன்னம், எல்லாம் பக்காவா வந்தது. மூக்கு மட்டும் கூராகி, நிறம் நாலு ஷேட் ஏறி, என் சாயல்ல யாரோ ஒரு பொண்ணு உட்கார்ந்திருந்தா. இதுல மந்திரம் ஒண்ணும் இல்லை. கத்துக் கொடுத்த படங்கள்ல எது ஜாஸ்தியோ அதைத்தான் அந்த மாதிரி மாடல் திருப்பித் தரும். காலண்டரைத் தின்னது காலண்டரைத்தான் கக்கும். நாங்க இதை ஆபீஸ்ல டேட்டா பயாஸ்னு சொல்லுவோம், வீட்டுல "லட்சணமா இருக்கு"ன்னு சொல்லுவாங்க.

கருப்பை எடுக்கிற வித்தையை நான் கத்துக்கிட்டது யூட்யூப்ல இல்லை, கோயில் கர்ப்பகிரகத்துல. யோசிச்சுப் பாருங்க. கருங்கல் அம்மன், எண்ணெய்க்காப்பு, பக்கத்துல ஒரே ஒரு விளக்கு. கன்னத்துல ஒரு கோடு, மூக்குல ஒரு புள்ளி, உதட்டோரம் ஒரு மினுக்கு. அவ்வளவுதான் வெளிச்சம். அதுலயே முகம் முழுசா தெரியுது. வெளுத்த தோல்ல உருவத்தைக் காட்டுறது நிழல். கருப்புத் தோல்ல உருவத்தைக் காட்டுறது மினுமினுப்பு. அதனால முகத்து மேல வெளிச்சத்தைக் கொட்டக்கூடாது. பக்கத்துல பெரிசா, மெதுவா ஒரு வெளிச்சத்தை வெச்சு, அது தோல்ல பிரதிபலிக்கும்படி உட்காரணும். நம்ம பாட்டிங்க நூறு தலைமுறையா செஞ்ச லைட்டிங் இது.

இதை வெச்சு என் ப்ளான்:

1. கிழக்கு ஜன்னல். காலை எட்டு மணி வெயிலுக்கு அப்பாவோட எட்டு முழ வேட்டியை ஸ்க்ரீன் மாதிரி கட்டிட்டா பெரிய சாஃப்ட்பாக்ஸ் ரெடி. எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டை, நிழல் ரொம்ப இறங்காம இருக்க.

2. புடவை பளீர் வெள்ளை வேண்டாம். கஞ்சி போட்ட, கொஞ்சம் பழுப்படிச்ச பருத்தி, ஒல்லி ஜரிகை. ரெண்டரை ஸ்டாப்புல அரை ஸ்டாப் மிச்சம்.

3. கன்னத்துலயும் நெத்தியிலயும் தேங்காய் எண்ணெய், ஒரு சொட்டு. பவுடர் கிடையாது.

4. வீணை கிடையாது. எனக்கு வாசிக்கத் தெரியாது. தெரியாதவங்க பிடிச்சா இடது கை விரலே காட்டிக் கொடுத்துடும், தெரிஞ்சவங்க பார்த்தா சிரிப்பாங்க. கங்கைகொண்ட சோழபுரத்து அம்மாவுக்கே வீணை இல்லாதப்போ எனக்கு எதுக்கு?

5. சுவடிக்குப் பதிலா லேப்டாப் வெக்கச் சொல்லி ஆபீஸ்ல ஒரே அன்புத்தொல்லை. மாட்டேன். பார்த்தவுடனே சிரிப்பு வரும், சிரிச்சதும் படம் முடிஞ்சுடும். அதுக்குப் பதிலா காலேஜ் ரெக்கார்ட் நோட்டு வெக்கப் போறேன். பிரவுன் அட்டை போட்டது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதி, கையெழுத்து வாங்க வரிசையில நின்னது. இந்தத் தலைமுறைக்கு அதைவிடப் பெரிய சுவடி எது?

6. மயில் கிடையாது. பால்கனியில புறா வந்து உட்கார்ந்தா அதோட அதிர்ஷ்டம்.

நாலு கைதான் பெரிய வேலை. ட்ரைபாடை அசைக்காம, ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் எல்லாத்தையும் மேனுவல்ல பூட்டிட்டு, அதே இடத்துல உட்கார்ந்து கையை மட்டும் மாத்தி மாத்தி எடுக்கணும். ஒரு ஷாட்ல நோட்டு, ஒரு ஷாட்ல ஜெபமாலை, ஒரு ஷாட்ல முன்கை ரெண்டும். அப்புறம் லேயர் லேயரா அடுக்கி மாஸ்க். வெயில் நகர்றதுக்குள்ள, பத்து நிமிஷத்துல முடிக்கணும். பின்கை தோள்ல எங்கேர்ந்து கிளம்புதுங்கிறது இன்னொரு தலைவலி. முந்தானையையும் அவிழ்த்து விட்ட முடியையும் வெச்சு அந்த இடத்தை மறைக்கிறதா உத்தேசம்.

என் தங்கச்சி சுலபமா ஒரு வழி சொன்னா. "அக்கா, நான் பின்னாடி உட்கார்ந்து ரெண்டு கையை நீட்டறேன், விடு." நல்ல யோசனைதான். ஆனா அவ எங்க வீட்டுல "கலர்". என் முகத்துக்குப் பின்னாடி அவ கை வந்தா எலக்ட்ரிக்கல் டிபார்ட்மெண்ட் ஒயரிங் மாதிரி ரெண்டு கலர்ல இருக்கும். அதுக்கும் அவளே பதில் சொன்னா: "என் கையைக் கருப்பாக்கிக்கோயேன், என்ன இப்ப?" எங்க குடும்ப வரலாற்றுல யாரும் யாரையும் கருப்பாக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு வார்த்தைக்காகவே அவளை வெச்சு எடுக்கலாமான்னு இருந்தது. ஆனா செல்ஃப் போர்ட்ரெய்ட்டுன்னா நாலு கையும் என்னோடதா இருக்கட்டும்.

கடைசியா, அம்மாவோட பயம். "சாமி விஷயத்துல விளையாடாதடி." விளையாட்டா செஞ்சா தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா சாமி வேஷம் போடறது நமக்குப் புதுசா? தசரா சமயத்துல குலசேகரன்பட்டினம் போய்ப் பாருங்க. முத்தாரம்மனுக்கு மாலை போட்டு விரதம் இருந்து ஆயிரக்கணக்கான பேர் வேஷம் கட்டி வருவாங்க. மீசை மழிச்ச லாரி டிரைவர் காளியா வருவார், அவர் கால்ல ஊரே விழும். யாரும் "உன் மூஞ்சிக்குக் காளியா?"ன்னு கேக்க மாட்டாங்க. விரதம் இருந்தியான்னுதான் கேப்பாங்க. அங்கே தகுதி முகத்துல இல்லை, இருந்த விதத்துல. ரொம்ப நாகரிகமானவங்கன்னு நினைச்சுக்கிற நாமதான் ஆண்டு விழா மேடையில கலர் பார்த்து சாமியைப் பிரிக்கிறோம்.

அதனால என் பங்குக்கு நானும் ஒரு விரதம் வெச்சிருக்கேன். படம் எடுத்த பிறகு நெருடல் வரும்னு எனக்குத் தெரியும். ப்ரைட்னஸ் பட்டன் பக்கத்துலயே இருக்கும், ஒரே ஒரு இழுப்பு இழுத்தா எல்லாருக்கும் "பிடிக்கிற மாதிரி" ஆயிடும். நாலு கையை ஒட்டுறதுக்கு எவ்வளவு வேணாலும் எடிட் பண்ணுவேன். முகத்துல ஒரு பிக்ஸல்கூட ஏத்த மாட்டேன்.

பிரிண்ட் போட்டு கொலுவுல வெக்கலாமான்னு அம்மாகிட்ட கேட்டிருக்கேன். "முதல்ல எடு, பார்க்கலாம்"னு பதில் வந்திருக்கு. இதுவரைக்கும் "வேண்டாம்"னு சொல்லலை.